கதை முதலில் வாயில், அப்புறம்தான் நோட்டில்

ஏழு வயதுக் குழந்தையிடம் "ஒரு கதை சொல்லு" என்றால் விடாமல் சொல்லும். பேய் வரும், பேய்க்குப் பல் வலிக்கும், அது டாக்டரிடம் போகும், போனால் டாக்டர் ஒரு கரடி என்று தெரியவரும். "அடடா, நல்லா இருக்கே, இதை அப்படியே எழுதிக் காட்டு" என்று நோட்டை நீட்டிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து வந்து பாருங்கள். மூன்று வரி இருக்கும். 'ஒரு ஊரில் ஒரு பேய் இருந்தது. அது டாக்டரிடம் போனது. முற்றும்.'

"வாய் மட்டும் கிழியுது, எழுதச் சொன்னா சோம்பேறித்தனம்" என்று பல வீடுகளில் இந்த இடத்தில்தான் திட்டு விழுகிறது. அந்த மூன்று வரியை எழுத அந்தக் குழந்தை என்னென்ன செய்திருக்கிறது என்று பாருங்கள். பென்சிலைச் சரியாகப் பிடிக்க வேண்டும். 'ஊரில்' என்பதற்குச் சின்ன 'ரி'யா பெரிய 'றி'யா என்று யோசிக்க வேண்டும். வாயில் 'இருந்துச்சு' என்று வருவதை 'இருந்தது' என்று மாற்ற வேண்டும். எழுத்து கோட்டுக்கு மேலே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வளவும் முடிவதற்குள் கரடி டாக்டர் மறந்தே போய்விடுகிறார்.

கதை கட்டுவது ஒரு திறன். எழுதுவது வேறு ஒரு திறன். முதலாவது மூன்று வயதிலேயே மொட்டு விடும். இரண்டாவதற்குக் கை பழகவே ஏழெட்டு வயதாகும், எழுத்துத் தமிழ் பழக இன்னும் கொஞ்ச காலம் ஆகும். இரண்டையும் ஒரே நாளில், ஒரே நோட்டில், ஒரே நேரத்தில் கேட்டால் பிந்தியது முந்தியதை அமுக்கிவிடும். குழந்தைக்குக் கதை எழுத உதவ நினைக்கும் பெற்றோர் இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. முதலில் இரண்டையும் தனித்தனியாக வளர விடுங்கள். பிறகு மெல்லச் சேர்க்கலாம்.

கதை என்று எதைச் சொல்கிறோம்?

குழந்தை சொல்வதெல்லாம் முதலிலேயே கதையாக இருக்காது, இருக்கவும் வேண்டியதில்லை. ஆர்தர் ஆப்பிள்பீ என்ற அமெரிக்க ஆய்வாளர், இரண்டு முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகள் சொன்ன கதைகளை அலசி 1978இல் ஒரு நூல் வெளியிட்டார். மிகச் சிறிய குழந்தைகளின் கதைகளை அவர் 'குவியல்' என்று வகைப்படுத்துகிறார். நாய், பந்து, அம்மா, மழை என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் வந்து விழும். அடுத்து, ஒரே ஆளைச் சுற்றி நிகழ்ச்சிகள் சேரத் தொடங்கும். அதன்பின் ஒன்றால் ஒன்று நடக்கும் சங்கிலி வரும். கடைசியில்தான், தொடங்கிய இடத்துக்கும் முடிந்த இடத்துக்கும் உறவுள்ள முழுக் கதை உருவாகும்.

இதைத் தெரிந்து வைத்திருந்தால் நான்கு வயதுப் பிள்ளையிடம் "என்னடா, தலையும் இல்ல வாலும் இல்ல" என்று சொல்ல மாட்டோம். அந்த வயதுக்கு அதுதான் கதை.

முழுக் கதைக்கு அடிப்படையாக என்ன வேண்டும் என்று கேட்டால், பாட்டி வடை சுட்ட கதையை எடுத்துக்கொள்ளுங்கள். காக்காவுக்கு வடை வேண்டும். எடுத்துக்கொண்டது. நரிக்கும் அதே வடை வேண்டும். ஆனால் காக்கா மரத்தின் மேல் இருக்கிறது, நரிக்கு மரம் ஏற முடியாது. நரி என்ன செய்தது? பாடச் சொன்னது. ஒருவருக்கு ஒன்று வேண்டும், அதற்கு ஒரு தடை இருக்கிறது, அவர் ஏதோ செய்கிறார், அதனால் ஏதோ ஆகிறது. நம் ஊர்க் கதைகளில் ஏராளமானவை இந்த எலும்புக்கூட்டின் மேல்தான் நிற்கின்றன. 'பீச்சுக்குப் போனோம், சுண்டல் சாப்பிட்டோம், வீட்டுக்கு வந்தோம்' என்பது நடந்ததன் பட்டியல். 'சுண்டல் வேண்டும், ஆனால் அப்பாவிடம் சில்லறை இல்லை' என்ற இடத்தில் கதை தொடங்கிவிடுகிறது.

இந்த இலக்கணத்தைக் குழந்தையிடம் பாடமாக நடத்த வேண்டாம். உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும். கதை எங்கேயாவது நின்றுபோனால், "அதுக்கு என்ன வேணுமாம்?" என்று ஒரு கேள்வி கேட்கலாம். பெரும்பாலும் அந்த ஒரு கேள்வியிலேயே வண்டி கிளம்பிவிடும்.

கேட்காத காது சொல்லாது

கதை சொல்லும் குழந்தை, முதலில் கதை கேட்ட குழந்தை. இதில் குறுக்கு வழி எதுவும் எனக்குத் தெரியாது. தினமும் ஒரு கதை, வாயால் சொல்வதோ புத்தகத்திலிருந்து வாசிப்பதோ, வீட்டில் நடக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் இருந்தாலே நல்லது. கதை தெரியாது என்று சொல்பவர்களும் உண்டு. நீங்கள் சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்தது, பரீட்சைத் தாளை ஒளித்து வைத்தது, தொலைந்த செருப்போடு வீடு வந்தது, இவையெல்லாம் கதைதான். அம்மா அப்பா சின்னப் பிள்ளையாக இருந்தபோது மாட்டிக்கொண்ட கதைகளை எந்தக் குழந்தையும் வேண்டாம் என்று சொன்னதை நான் பார்த்ததில்லை.

நம்மிடம் ஒரு அருமையான பழக்கம் உண்டு. கதை கேட்பவர் 'ம்' கொட்ட வேண்டும். "உம் கொட்டினாத்தான் சொல்லுவேன்" என்று பாட்டிகள் நிபந்தனை போடுவார்கள். குழந்தை தூங்கிவிட்டதா என்று பார்க்க அது ஒரு வழி. கேட்பவரும் கதையில் பங்காளி என்பதையும் அது பழக்கிவிடுகிறது. அந்த 'ம்' ஒவ்வொன்றிலும் வேறு வேறு குரல் இருக்கும். ஆச்சரியமான 'ம்', பயந்த 'ம்', நம்பாத 'ம்'. சொல்பவர் அதைக் கேட்டு வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார். குழந்தை கதை சொல்லும்போது இதே மரியாதையை நாமும் திருப்பித் தர வேண்டும். போனைக் கீழே வைத்துவிட்டு உம் கொட்டுங்கள்.

ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறதே என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். திரும்பக் கேட்கும்போதுதான் கதையின் வடிவம் உள்ளே இறங்குகிறது. வேண்டுமானால் வேண்டுமென்றே ஒன்றை மாற்றிச் சொல்லிப் பாருங்கள். "நரி மரத்து மேல உட்கார்ந்திருந்துச்சாம்" என்றால், "இல்ல! காக்காதான் மரத்து மேல!" என்று சண்டைக்கு வரும். கதையில் எது எங்கே இருக்க வேண்டும் என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

சங்கிலிக் கதைகளை நான் தனியாகப் பரிந்துரைப்பேன். ஈ தன் பெயரை மறந்த கதை தெரியும்தானே? வீடு மெழுகிக்கொண்டிருந்த ஈக்குத் தன் பெயர் மறந்துபோகிறது. 'கொழு கொழு கன்றே' என்று கன்றிடம் கேட்கிறது, கன்றின் தாயிடம் கேட்கிறது, மேய்க்கிற ஆளிடம், அவன் கையில் உள்ள கோலிடம் என்று போய்க்கொண்டே இருக்கிறது. கடைசியில் குதிரை 'ஈஈஈ' என்று கனைக்க, 'அட, இதுதானே என் பேர்' என்று நினைவுக்கு வருகிறது. ஊருக்கு ஊர் நடுவில் வரும் ஆட்கள் மாறுவார்கள். மூன்று முறை கேட்ட குழந்தை நான்காம் முறை தானே சொல்லிவிடும், ஏனென்றால் ஒவ்வொரு படியும் அடுத்த படியை நினைவூட்டுகிறது. நடுவில் புதிதாக ஒரு ஆளைச் சேர்க்கவும் இடம் இருக்கிறது. 'கோலே, கோலை வெட்டின கோடாலியே' என்று ஒரு குழந்தை தன் பங்குக்கு ஒன்றைச் செருகினால், அன்றைக்கு அது கதைசொல்லி ஆகிவிட்டது.

குழந்தை சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் செய்து பார்க்கப் போகிறீர்கள் என்றால், இதைச் செய்யுங்கள். குழந்தை கதை சொல்ல வேண்டும். நீங்கள் அதை, அது சொன்ன சொற்களிலேயே, எழுதிக்கொள்ள வேண்டும்.

சிகாகோவில் பல்லாண்டுகள் மழலையர் வகுப்பு ஆசிரியையாக இருந்த விவியன் பேலி (1929–2019) இதைத் தன் வகுப்பின் மையமாகவே வைத்திருந்தார். குழந்தைகள் ஒவ்வொருவராக வந்து கதை சொல்வார்கள், அவர் எழுதிக்கொள்வார். பிறகு வகுப்பே வட்டமாக உட்கார்ந்து அந்தக் கதையை நடித்துப் பார்க்கும். கதை சொன்ன குழந்தை எந்த வேடம் தனக்கு என்று தேர்ந்துகொள்ளும். கதை இரண்டே வரியாக இருந்தாலும் நடிப்பார்கள். தான் சொன்னது காகிதத்தில் ஏறி, மறுபடி எழுந்து வந்து நடமாடுவதைப் பார்க்கும் குழந்தைக்கு எழுத்து எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. 1989இல் அவருக்கு அமெரிக்காவின் பெருமைமிக்க மெக்கார்தர் நல்கை கிடைத்தது.

வீட்டில் இது எப்படி நடக்கும் என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஐந்தரை வயதுச் சிறுமி ஒருத்தி சொன்ன கதை இது. சொன்னபடியே தருகிறேன்.

"ஒரு ஊர்ல ஒரு பல்லி இருந்துச்சாம். அது ட்யூப் லைட்டுக்குப் பின்னாடிதான் இருக்குமாம். அங்கதான் பூச்சி வருமாம். ஒரு நாள் கரண்ட் போயிடுச்சாம். பூச்சியே வரலையாம். பல்லிக்குப் பசிச்சுதாம். அவ்ளோதான்."

இங்கே பெரியவர்களுக்கு வாய் துறுதுறுக்கும். 'பல்லி நல்ல பல்லியா கெட்ட பல்லியா? கடைசியில என்ன கத்துக்கிச்சு? வீட்ல இன்வெர்ட்டர் இல்லையா?' வேண்டாம். எழுதியதை அப்படியே அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "நீ சொன்னதை வாசிக்கிறேன், சரியா இருக்கான்னு பாரு" என்று மட்டும் சொன்னேன்.

'கரண்ட் போயிடுச்சாம்' என்ற இடம் வந்ததும் நிறுத்தினாள். "இல்ல இல்ல, அங்க பல்லி பயந்துடுச்சு. அதுக்கு இருட்டே தெரியாது. எப்பவும் லைட்டுக்குப் பின்னாடியே இருந்துச்சுல்ல?"

எழுத்தாளர்கள் மேசையில் உட்கார்ந்து பிரதியைத் திருத்துவதாகச் சொல்கிறோமே, அதுதான் இது. பல்லிக்கு ஏன் பயம் என்பதற்கு அவள் ஒரு காரணமும் கண்டுபிடித்துவிட்டாள். அந்த வரியைச் சேர்த்துவிட்டு, "இருட்டுல அதுக்கு என்ன கேட்டுச்சு?" என்று கேட்டேன். யோசித்தாள். "தாத்தா விசிறுற சத்தம்." அப்புறம்? "தாத்தாவைச் சுத்தி நிறைய கொசு. தாத்தா கொசுவைத் திட்டிட்டே இருந்தாரு. பல்லி அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டே போச்சு. போய் எல்லாக் கொசுவையும் சாப்பிட்டுடுச்சு. தாத்தா தூங்கிட்டாரு."

பல்லிக்குச் சாப்பாடு, தாத்தாவுக்குத் தூக்கம். இப்படி ஒரு முடிவை நான் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது.

இதில் நான் செய்தது இரண்டு. வாசித்துக் காட்டியது ஒன்று. காதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டது மற்றொன்று. 'என்ன பார்த்தது' என்று எல்லாரும் கேட்போம். என்ன கேட்டது, என்ன வாசனை வந்தது, தொட்டால் எப்படி இருந்தது என்று கேட்டால் குழந்தை கதைக்குள்ளேயே போய் நின்றுவிடும். மற்றபடி 'அப்புறம்?' என்ற சொல் போதும். 'ஏன்?' என்பதை அளவாக வையுங்கள். அது பெரும்பாலும் வகுப்பறைக் கேள்வி மாதிரி விழுகிறது, குழந்தை சரியான பதிலைத் தேடத் தொடங்கிவிடும்.

எழுதும் வேகம் போதவில்லை என்றால் போனில் குரலைப் பதிவு செய்துவிட்டுப் பிறகு எழுதலாம். ஆனால் குழந்தையின் எதிரே உட்கார்ந்து எழுதுவதில் ஒரு லாபம் இருக்கிறது. நீங்கள் எழுதி முடிக்கும் வரை அது காத்திருக்கும். காத்திருக்கும் நேரத்தில் அடுத்த வரியைத் தேர்ந்தெடுக்கும்.

'இருந்துச்சு'வா 'இருந்தது'வா

தமிழில் கதை எழுதத் தொடங்கும் குழந்தைக்கு இருக்கும் பெரிய மேடு இதுதான். வீட்டில் பேசுவது ஒரு தமிழ், புத்தகத்தில் இருப்பது இன்னொரு தமிழ். நாம் இரண்டுக்கும் பழகிவிட்டதால் இந்த இடைவெளி நம் கண்ணில் படுவதில்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு அது கிட்டத்தட்ட மொழிபெயர்ப்பு வேலை. ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்துகொள்கிறது.

ஆகவே முதல் சில ஆண்டுகள் குழந்தை பேசுகிற தமிழிலேயே எழுதட்டும். 'வந்தாங்க', 'போச்சு', 'கரண்ட்', 'லைட்டு' எல்லாம் இருக்கட்டும். மதுரைக் குழந்தை மதுரைத் தமிழில், நாகர்கோவில் குழந்தை நாகர்கோவில் தமிழில், யாழ்ப்பாணத்துக் குழந்தை யாழ்ப்பாணத் தமிழில் எழுதட்டும். கரிசல் காட்டு மக்களின் பேச்சிலேயே எழுதிய கி. ராஜநாராயணன் 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். பேச்சு மொழி இலக்கியத்துக்கு ஆகாது என்ற பேச்சு எப்போதோ முடிந்துபோன விவகாரம். அதை ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் நோட்டில் நாம் மறுபடி தொடங்க வேண்டாம்.

எட்டு வயது வாக்கில், வாசிப்பும் ஓரளவு பழகிய பிறகு, ஒரு சின்ன ஏற்பாட்டைச் சொல்லலாம். கதையில் வரும் ஆட்கள் பேசினால் பேச்சுத் தமிழ், கதை சொல்லும் நீ பேசினால் புத்தகத் தமிழ். பல்லி 'எனக்குப் பசிக்குது' என்று சொல்லும். ஆனால் நீ 'பல்லிக்குப் பசித்தது' என்று எழுதுவாய். பிள்ளைகள் இதை விளையாட்டாகப் பிடித்துக்கொள்கிறார்கள். உரையாடல் எழுதவும் இதிலேயே பழகிவிடும். எழுத்துத் தமிழைச் சரியாக எழுதக் கற்பது கட்டாயம் வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அதைக் கதை வற்றிப்போகாத வயதில், வற்றிப்போகாத முறையில் கொண்டுவர வேண்டும் என்பதுதான் கவலை.

"எனக்கு ஒண்ணுமே தோணல"

இது எல்லாக் குழந்தையும் சொல்வது. எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுது என்று சொல்லிவிட்டால் இன்னும் அதிகமாகச் சொல்லும். பரந்த வெளியைவிடச் சின்னக் கட்டுப்பாடு ஒன்றுதான் கற்பனைக்குப் பிடிமானம் தருகிறது.

இத்தாலியக் குழந்தை எழுத்தாளர் ஜான்னி ரோதாரி (1920–1980) இதற்கு ஒரு நல்ல வழி கண்டுபிடித்தார். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு சொற்களை எடுத்துப் பக்கத்தில் வைப்பது. அவர் தரும் உதாரணம் நாயும் அலமாரியும். குதிரையும் நாயும் என்றால் இரண்டும் விலங்கு, மனம் அசையாது. நாயும் அலமாரியும் என்றால் இரண்டையும் சேர்க்க மனம் ஏதாவது செய்தே ஆக வேண்டும். சேர்ப்பதற்கு அவர் இத்தாலிய மொழியின் சின்னச் சின்ன இணைப்புச் சொற்களைப் பயன்படுத்தினார்.

தமிழில் அந்த வேலையைச் செய்ய நம்மிடம் வேற்றுமை உருபுகள் இருக்கின்றன. பள்ளியில் ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று மனப்பாடம் செய்து வெறுத்த அதே பட்டியல்தான். குடை, மீன் என்று இரண்டு சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். குடையைத் திருடிய மீன். மீனால் கிழிந்த குடை. மீனுக்கு ஒரு குடை. குடையின் மேல் மீன். குடையோடு சண்டை போட்ட மீன். குடைக்குள் மீன். ஒவ்வொன்றும் ஒரு தனிக் கதையின் தலைப்பு மாதிரி இருக்கிறது, இல்லையா? 'குடைக்குள் மீன் எப்படி வந்துச்சு' என்று கேட்டால், மழையில் காற்றடித்துக் குடை தலைகீழாகத் திரும்பித் தண்ணீர் நிறைந்த கதை ஒன்று கிடைக்கலாம். 'மீனுக்கு எதுக்குக் குடை' என்றால் முற்றிலும் வேறு கதை. பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தைத் துண்டு துண்டாக வெட்டி, வீட்டில் கண்ணில் படும் பொருள்களின் பெயர்களை எழுதி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு எடுக்க வேண்டியதுதான். இலக்கணமும் உள்ளே போகிறது என்பது உபரி லாபம்.

தெரிந்த கதையின் ஒரு இடத்தைத் திருப்பிப் பார்ப்பது இன்னொரு வழி. காக்காவும் நரியும் வடைக்காக இவ்வளவு பாடு பட்டார்களே, வடை சுட்ட பாட்டி என்ன ஆனாள்? அன்றைக்கு அவளுக்கு ஒரு வடை குறைகிறது. கணக்குப் பார்க்கும்போது என்ன நினைத்தாள்? மறுநாள் கடையை வேறு மரத்தடிக்கு மாற்றினாளா? நம் கதைகளில் ஓரமாக நிற்கும் இந்த மாதிரி ஆட்களைக் குழந்தைகள் கையில் கொடுத்துப் பாருங்கள்.

சில பிள்ளைகள் வரைந்த பிறகுதான் கதை சொல்லும். அவர்களை முதலில் வரைய விடுங்கள். படத்துக்குக் கதை கேட்பது எளிது.

தங்க நிறக் கதிர்களும் தாத்தாவின் விசிறியும்

கட்டுரை எழுதிப் பழகிய பிள்ளைகளிடம் ஒரு தொற்று இருக்கிறது. காலை என்றால் கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டியே ஆக வேண்டும். பூ என்றால் அழகிய வண்ண மலர். அம்மா என்றால் அன்பின் உருவம். இவையெல்லாம் நோட்ஸிலிருந்து வந்தவை, பிள்ளையின் கண்ணிலிருந்து வந்தவை இல்லை. கவனியுங்கள், பல்லிக் கதையில் ஓர் அலங்காரச் சொல்கூட இல்லை. ஆனால் இருட்டில் விசிறி ஓசையும் தாத்தாவின் திட்டும் கேட்கின்றன. அதுதான் வேண்டும்.

'அழகான', 'மிகப் பெரிய', 'மிகவும் மகிழ்ச்சியாக' என்று எழுதியிருந்தால் அந்தச் சொல்லைக் கோடு போட்டு அடிக்க வேண்டாம், கேளுங்கள். "எவ்ளோ பெருசு?" "நம்ம வாட்டர் டேங்க் அளவு." "அப்ப அதையே எழுது." "சந்தோஷமா இருந்தான்னா என்ன செஞ்சான்?" "செருப்பைக் கழட்டி எறிஞ்சான்." வேலை முடிந்தது.

பள்ளியில் மதிப்பெண்ணுக்கு 'குடை தன் வரலாறு கூறுதல்' எழுத வேண்டியிருந்தால், முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று ஆசிரியர் கேட்டபடி எழுதிவிட்டுப் போகட்டும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். வீட்டில் ஒரு தனி நோட்டு இருக்கட்டும். அதில் மதிப்பெண் கிடையாது, சிவப்பு மை கிடையாது, 'இக்கதையினால் அறியப்படும் நீதி' கிடையாது. நீதி கேட்கப்படும் என்று தெரிந்தால் குழந்தை நீதியிலிருந்து பின்னோக்கிக் கதை கட்டும். நல்ல பையனும் கெட்ட பையனும் மட்டுமே அதில் மிஞ்சுவார்கள்.

எழுத்துப் பிழைகளை எப்போது திருத்துவது? கதை எழுதிய அன்று வேண்டாம். இரண்டு மூன்று நாள் கழித்து, ஒரே ஒரு வகைப் பிழையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் ல, ள, ழ. அடுத்த வாரம் ர, ற. பக்கம் முழுக்கச் சிவப்பாகத் திரும்பி வந்த நோட்டைப் பிறகு திறக்கக் குழந்தைக்கு மனம் வராது. அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்றும் உண்டு. எழுதத் தெரிந்த சொற்களை மட்டுமே பயன்படுத்திக் கதை சொல்ல அது பழகிவிடும். 'பள்ளத்தாக்கு' என்று எழுதப் பயந்து, வீரனை வீட்டு வாசலிலேயே நிறுத்திவிடும்.

கதைகளில் அடிதடி வருகிறதே, எல்லாரையும் கொன்றுவிடுகிறானே என்று பதறும் பெற்றோர் உண்டு. அரக்கனைக் கொல்வதும் பள்ளிக்கூடத்தை டைனோசர் தின்பதும் இந்த வயதில் சகஜம். குழந்தை தன் பயத்தைத் தூரத்தில் நிறுத்திப் பார்க்கும் வழி அது. ஆனால் வீட்டிலோ பள்ளியிலோ உள்ள ஒருவர் துன்புறுத்துவதாக ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வந்தால் அதைக் கற்பனை என்று தள்ளிவிடாதீர்கள். தனியாக, அமைதியாக, பயமுறுத்தாமல் பேசுங்கள்.

அப்புறம் புத்தகம்

எழுதியதை யாராவது படிக்க வேண்டும். இரண்டு ஏ4 தாளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நடுவில் மடித்து ஸ்டேப்ளர் அடித்தால் எட்டுப் பக்கப் புத்தகம். மாதக் காலண்டரின் வழவழப்பான தாள் அட்டைக்கு நன்றாக இருக்கும். அட்டையில் தலைப்பும் ஆசிரியர் பெயரும் கட்டாயம். பக்கத்துக்கு ஒன்றோ இரண்டோ வரி, மீதி இடத்தில் படம். எட்டுப் பக்கத்துக்குக் கதையைப் பிரிக்கும்போதே எங்கே நிறுத்தினால் அடுத்த பக்கத்தைப் புரட்டத் தோன்றும் என்று குழந்தை யோசிக்க ஆரம்பிக்கும். ஊரில் இருக்கும் ஆச்சிக்கு வீடியோ காலில் வாசித்துக் காட்டட்டும்.

வாசிக்கப் புத்தகத்துக்கும் பஞ்சமில்லை. அம்புலிமாமா, கோகுலம், சுட்டி விகடன் என்று ஒரு தலைமுறை காத்திருந்து படித்த இதழ்கள் நின்றுபோனது பெரிய இழப்புதான். ஆனால் பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் 2015 முதல் தமிழ் உட்படப் பல மொழிகளில் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, வாசிப்பு நிலை வாரியாகவும் பிரித்திருக்கிறார்கள். சொற்களே இல்லாத படக்கதைகள் கிடைத்தால் விடாதீர்கள். கதையை முழுக்கக் குழந்தைதான் சொல்ல வேண்டியிருக்கும். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்குத் தனிப் பகுதியே இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கென்று ஊஞ்சல், தேன்சிட்டு ஆகிய இதழ்கள் 2022இல் தொடங்கப்பட்டன. உங்கள் பிள்ளையின் பள்ளிக்கு வருகிறதா என்று விசாரியுங்கள்.

ஒன்பது, பத்து வயதில் ஒரு மாற்றம் வரும். அதுவரை ஒவ்வொரு வரியையும் ஓடிவந்து காட்டிய பிள்ளை, நோட்டைத் தலையணைக்கு அடியில் வைக்கத் தொடங்கும். அட்டையில் 'யாரும் படிக்கக் கூடாது' என்றுகூட எழுதியிருக்கும். எழுதுவது தனக்கான இடம் என்று அதற்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். அந்த நோட்டைத் திறந்து பார்க்காதீர்கள், உறவினர்கள் முன்னால் அதைப் பற்றிப் பேசாதீர்கள். பேனா தீர்ந்துவிட்டதா, புது நோட்டு வேண்டுமா என்று மட்டும் கேளுங்கள். தானாக ஒரு பக்கத்தைக் காட்டினால் முழுக்க வாசித்துவிட்டு, எந்த வரி உங்களைப் பிடித்து நிறுத்தியது என்று அந்த வரியைத் தொட்டுக் காட்டிச் சொல்லுங்கள். பிழைகளைப் பற்றி அது கேட்டால் பேசலாம்.